கணிப்பொறி மாறலாம், நிரல் நிலைக்க வேண்டும்

(பெங்களூருவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறித் துறையில் நாடு அடைந்துள்ள முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது, எத்தனை பொறிகள் நிறுவப்பட்டன, அவற்றின் வேகம் என்ன, விலை என்ன என்ற கணக்கையே நாம் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். அப்பொறிகளில் இயங்கும் நிரல்கள் நாளை வேறொரு பொறிக்குச் சென்று அங்கும் பணிபுரிய வல்லவையா என்ற கேள்வியை அதிகமாகக் கேட்பதில்லை. ஒரு கணிப்பொறி பத்தாண்டுகளுக்குமேல் உழைப்பது அரிது. ஆனால் நிலப் பதிவேட்டைக் காக்கும் நிரலும், ஓய்வூதியத்தைக் கணக்கிடும் நிரலும், பருவமழையை முன்னறியும் நிரலும் பல பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டியவை. குறைந்த ஆயுளுடைய பொறியின்மீது நீண்ட ஆயுளுடைய நிரலை எழுப்புகிறோம். இந்த முரண்பாட்டை எவ்வாறு சமாளிப்பது என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

மூலநிரலும் இயக்க முறைமையும்

நிரலாளர் ஃபோர்ட்ரான், கோபால், சி போன்ற மொழிகளில் எழுதுவது மூலநிரல். அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம்; திருத்தலாம். கம்பைலர் என்னும் மற்றொரு நிரல் அதைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றுகிறது. அந்தக் கட்டளைகள் குறிப்பிட்ட வகைப் பொறிக்கு மட்டுமே பொருந்தும். பொறிக்கும் நிரலுக்கும் இடையில் நின்று, கோப்புகளைத் திறப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது, அச்சுப்பொறியை இயக்குவது, நேரத்தைச் சொல்வது ஆகிய பணிகளைச் செய்வது இயக்க முறைமை. யூனிக்ஸ், விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை நீங்கள் அறிந்த இயக்க முறைமைகள்.

மூலநிரல் கையில் இருந்தால் புதிய பொறியில் மீண்டும் கம்பைல் செய்து கொண்டால் போதுமே என்று தோன்றலாம். நடைமுறை அவ்வளவு எளிதன்று. நாற்றைப் பிடுங்கும்போது வேரோடு பழைய வயலின் மண்ணும் ஒட்டிக்கொண்டு வருவதுபோல, ஒவ்வொரு நிரலிலும் அது பிறந்த பொறியைப் பற்றிய எண்ணற்ற ஊகங்கள் ஒட்டியிருக்கின்றன. யூனிக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கருதப்படும். விண்டோஸில் அவை பொதுவாக ஒன்றாகவே கருதப்படும். உரைக் கோப்பில் ஒரு வரி முடிந்ததைக் காட்ட யூனிக்ஸ் ஒரு குறியீட்டைப் பயன்படுத்துகிறது. விண்டோஸ் இரண்டைப் பயன்படுத்துகிறது. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் எப்சிடிக் குறிமுறையில் எழுத்துகள் முன்னும் இலக்கங்கள் பின்னும் வரும். ஆஸ்கி குறிமுறையில் இலக்கங்கள் முன்னும் எழுத்துகள் பின்னும் வரும். ஊழியர் குறியீட்டு எண்களை வரிசைப்படுத்தும் சம்பளப் பட்டியல் நிரல் ஒன்றை முதல் வகைப் பொறியிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றினால், நிரல் பிழையின்றி ஓடும். ஆனால் பட்டியலின் வரிசை மாறிவிடும். நின்றுவிடும் நிரலைக் காட்டிலும், ஓடிக்கொண்டே தவறான விடை தரும் நிரலே அதிக ஆபத்தானது.

1978 தந்த பாடம்

நம் நாடு இந்தப் பாடத்தை மிக முன்னதாகவே கற்க நேர்ந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எழுந்த கருத்து வேறுபாட்டின் விளைவாக, 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவிலிருந்து வெளியேறியது. அப்போது பல அலுவலகங்களில் ஐ.பி.எம். 1401 போன்ற பழைய பொறிகளே பணியாற்றி வந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. பொறிகளைப் பராமரித்துச் சில ஆண்டுகள் ஓட்டலாம். என்றேனும் ஒருநாள் வேறு பொறிக்கு மாறித்தான் ஆக வேண்டும். அப்படி மாறும்போது, பொறியின் கட்டளைகளோடு பிணைந்த ஆட்டோகோடர் போன்ற கீழ்நிலை மொழியில் எழுதப்பட்டவற்றைப் புதிதாகவே எழுத வேண்டும். கோபால் போன்ற பொதுமொழியில் எழுதப்பட்டவற்றைத் திருத்தங்களுடன் கொண்டுசெல்ல இயலும்.

கோபால் மொழியிலும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வழக்கு உண்டு. நமது மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கமே இந்த வழக்கு வேறுபாட்டில்தான் அமைந்தது எனலாம். 1974இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், மருத்துவமனை ஒன்றுக்கான நிரல் தொகுப்பை பரோஸ் நிறுவனத்தின் ஒருவகைப் பொறியின் கோபாலிலிருந்து மற்றொரு வகைப் பொறியின் கோபாலுக்கு மாற்றித் தரும் பணியை ஏற்றது. உரிய பரோஸ் பொறி கைவசம் இல்லாத நிலையில், மும்பையில் இருந்த ஐ.சி.எல். 1903 பொறியைக் கொண்டு, மாற்றும் வேலையையே செய்யும் நிரல் ஒன்றை எழுதி அப்பணியை முடித்தனர்.

இயக்க முறைமையையே பெயர்த்த கதை

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேறொரு சிந்தனை உருவாயிற்று. 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் முறைமை, 1973இல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. சி நிரல்களை வேறு பொறிகளுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, புதிய பொறியின் உறுப்புகள் எவ்வளவு தடையோ அவ்வளவு தடை அங்கிருந்த இயக்க முறைமையும் என்பதை ரிச்சியும் அவருடைய சகாக்களும் கண்டனர். அப்படியானால் நிரலை மட்டும் பெயர்ப்பதற்குப் பதிலாக இயக்க முறைமையையே பெயர்த்துவிட்டால் என்ன என்று எண்ணினர். 1977இல் பி.டி.பி.-11 பொறியிலிருந்து இன்டர்டேட்டா பொறிக்கு யூனிக்ஸ் பெயர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வொல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவரும் அதே ஆண்டில் தனியே இத்தகைய பணியைச் செய்து முடித்தார்.

யூனிக்ஸைப் பிற பொறிகளுக்கு மாற்றியபோது தோன்றிய ஒரு சிக்கலுக்கு நிரலாளர்கள் வேடிக்கையாகப் பெயரிட்டனர். இரு பைட்டுகள் கொண்ட சொல்லில் எந்தப் பைட்டை முதலில் வைப்பது என்பதில் பொறிகள் வேறுபடுகின்றன. ஒரு பொறியில் எழுதிய யூ, என், ஐ, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகள் மற்றொன்றில் என், யூ, எக்ஸ், ஐ என்று தோன்றக்கூடும். ஆகவே இது 'நக்ஸி' சிக்கல் எனப்பட்டது. எழுத்தில் வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணில் வந்தால் எளிதில் தெரியாது.

பொறி எதுவாயினும் நிரலுக்குத் தெரியும் முகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இதிலிருந்து வலுப்பெற்றது. 1988இல் வெளியான போசிக்ஸ் தரம் அக்கொள்கைக்கு எழுத்து வடிவம் தந்தது. 1980களில் நம் நாட்டு வங்கிகளின் கணிப்பொறிமயமாக்கலில் யூனிக்ஸ் இடம்பெற்றதும், நமது நிறுவனங்கள் வெவ்வேறு நுண்செயலிகளின்மீது யூனிக்ஸை அமைக்கக் கற்றுக்கொண்டதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

பருவமழை நிரல் பெங்களூருவில்

இனி, இந்நகரில் நடந்த ஓர் அரும்பணியைச் சற்று விரிவாகக் காண்போம். நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்புக்கென 1980களின் இறுதியில் தில்லியில் தேசிய மையம் ஒன்று நிறுவப்பட்டது. அதற்காக அமெரிக்காவிடம் இந்தியா கேட்டது கிரே எக்ஸ்-எம்பி 24 என்ற மீத்திறன் கணிப்பொறி. இசைவு கிடைத்ததோ ஒரே செயலியைக் கொண்ட எக்ஸ்-எம்பி 14 பொறிக்கு. அதன் பயன்பாட்டுக்கும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. உழவருக்குத் தேவையான மழைக் கணிப்பு, பிறநாட்டின் ஏற்றுமதி அனுமதியைச் சார்ந்து நின்றது.

இதற்கிடையே, பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடங்களில் 1986இலேயே 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக்கணிப்பொறி உருவாகியிருந்தது. ரொத்தம் நரசிம்மா அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த காலம் அது. யு.என். சின்ஹா இப்பணிக்குத் தலைமை தாங்கினார். சாதாரண இன்டெல் நுண்செயலிகள் சிலவற்றை ஒன்றாகப் பிணைத்து, பாய்ம இயக்கவியல் கணக்குகளைப் பகிர்ந்து செய்வதே அதன் அடிப்படை. 1988இல் தொடங்கப்பெற்ற புனேயின் சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000 பொறியை உருவாக்கியது. உள்நாட்டு இணைக்கணிப்பொறிகள் இவ்வாறு தோன்றியபின், 1990களின் முற்பகுதியில் ஒரு வினா எழுந்தது: தில்லியில் கிரே பொறியில் ஓடும் டி-80 என்ற வானிலை நிரலை நமது பொறிகளில் ஓட்ட முடியுமா?

டி-80 நிரல் உலகின் வளிமண்டலம் முழுவதையும் 18 அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் தீர்க்க வாக்கில் 256, அட்சவாக்கில் 128 எனப் புள்ளிகள் அமைத்துக் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கணக்கிடுவது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரானுக்கு 1966 முதலே தரவரையறை உண்டு. ஆயினும் நிரலைப் பெயர்ப்பதில் இடர்ப்பாடுகள் பல.

முதலாவது, எண்ணின் அகலம். கிரே பொறியில் 'ரியல்' என்று அறிவித்தாலே எண்ணுக்கு 64 பிட் இடம் கிடைக்கும். பெரும்பாலான மற்றப் பொறிகளில் அதே சொல்லுக்கு 32 பிட் மட்டுமே. ஏறத்தாழ 7 இலக்கத் துல்லியம்தான். நிரலின் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. எனவே ஒவ்வோர் அறிவிப்பையும் ஆராய்ந்து இரட்டைத் துல்லியத்துக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, எண்ணின் அமைப்பு. 1985இல் தசம எண்களைப் பொறியில் வைப்பதற்கு ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத்தரம் வந்தது. கிரே அதற்கு முந்தைய மரபு. அதன் 64 பிட்டில் எண்ணின் துல்லியப் பகுதிக்கு 48 பிட். பொதுத்தரத்தின் இரட்டைத் துல்லியத்திலோ 53 பிட். ஆகவே தொடக்கத் தரவுக் கோப்புகளையும் மாற்றியாக வேண்டும். கணக்கின் கடைசி இலக்கங்களும் ஒத்துவாரா.

மூன்றாவது, நூலகங்கள். விரைவுக்காகப் பொறி உற்பத்தியாளர் தரும் ஆயத்த நிரல்கள் வேறு பொறியில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு ஈடானவற்றை நாமே எழுத வேண்டும்.

நான்காவது, வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கிடுவது. பங்கிட்டால் கூட்டலின் வரிசை மாறும். வரிசை மாறினால் விடையும் மாறும் என்பது வியப்பாகத் தோன்றலாம். நான்கு இலக்கங்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். 1000உடன் 0.4ஐக் கூட்டினால் 1000.4, அது 1000 என்று சுருங்கும். மீண்டும் 0.4ஐக் கூட்டினாலும் 1000தான். ஆனால் முதலில் இரண்டு 0.4களையும் கூட்டி 0.8 ஆக்கி, பின்னர் 1000உடன் சேர்த்தால் 1000.8, அது 1001 ஆகும். பள்ளியில் கற்ற கூட்டல் விதி பொறிக்குள் முழுமையாகச் செல்லுபடியாவதில்லை.

சரியாகப் பெயர்த்தோம் என்று எப்படி அறிவது?

இவ்விடத்தில்தான் உண்மையான சோதனை எழுகிறது. இரு பொறிகளின் விடைகள் கடைசி இலக்கத்தில் வேறுபட்டால், அது இயல்பான வேறுபாடா, பெயர்ப்பில் நேர்ந்த தவறா? வானிலைக் கணக்கில் இது சிறு கேள்வியன்று. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் .506127 என்ற எண்ணுக்குப் பதிலாக .506 என்று கொடுத்துக் கணக்கை ஓட்டியபோது, சிறிது காலத்தில் முற்றிலும் வேறான வானிலை வந்து நின்றது. வளிமண்டலச் சமன்பாடுகளின் இயல்பே அது. சிறு வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். ஆகையால் பத்தாம் நாள் முன்னறிவிப்பு இரு பொறிகளிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கேட்பது பொருளற்றது. வேறுபட்டால் பரவாயில்லை என்று விட்டுவிடுவதோ அதைவிடத் தவறானது.

இதற்கு நியாயமான வழி உண்டு. மூலப் பொறியிலேயே தொடக்கத் தரவின் கடைசி இலக்கத்தைச் சிறிது மாற்றி நிரலை ஓட்ட வேண்டும். அந்த மாற்றம் நாளடைவில் எந்த வேகத்தில் வளர்கிறது என்று அளந்து கொள்ள வேண்டும். பின்னர் இரு பொறிகளின் விடைகளுக்கு இடையிலான வேறுபாடும் அதே அளவில் தொடங்கி அதே வேகத்தில் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில படிகளிலேயே வேறுபாடு மிகுந்தால் பெயர்ப்பில் பிழை உண்டு என்று கொள்ளலாம். இம்முறையை ரோசின்ஸ்கி, வில்லியம்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1997இல் விளக்கமாக வெளியிட்டனர். நிரலைப் பெயர்ப்பவர் எந்த வேறுபாட்டை ஏற்பது, எதை மறுப்பது என்பதை வேலை தொடங்குமுன் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் சாரம்.

பெங்களூருவில், இன்டெல் ஐ-860 நுண்செயலிகளைக் கொண்ட ஃப்ளோசால்வரில் டி-80 நிரல் வெற்றிகரமாக ஓட்டப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கில் உள்ளிட்டோரும் இம்முயற்சியில் பங்கேற்றனர். அதன் விவரம் 1994இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. கதை அத்துடன் முடியவில்லை. 2000களில் அந்நிரல் ஃபோர்ட்ரான் 90 மொழியில் ஒழுங்குபடுத்தி எழுதப்பெற்று, 'வர்ஷா' என்ற வானிலை மாதிரியாக வளர்ந்தது. பிறர் எழுதிய நிரலைப் பெயர்க்க வேண்டுமானால் அதன் ஒவ்வொரு பகுதியையும் படித்தறிய வேண்டும். அவ்வாறு படித்தவர்களே பின்னர் அதைத் திருத்தவும் வளர்க்கவும் வல்லவர்களாயினர். பெயர்ப்புப் பணியில் கிடைத்த பெரிய ஊதியம் இந்த அறிவேயாகும்.

அலுவலகங்களுக்கு இதனால் என்ன?

வானிலை நிரல் விஞ்ஞானிகளின் விவகாரம் என்று அரசு அலுவலர்கள் எண்ணிவிடலாகாது. கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தில் சுமார் 67 இலட்சம் நிலவுடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. நிலப் பதிவு தலைமுறைகளுக்கு உரியது. நூறாண்டுக்கு முந்தைய காகிதப் பதிவேட்டை இன்றும் விரித்துப் படிக்கிறோம். ஆனால் உலகெங்கும் அலுவலகங்களில் பரவியிருந்த விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்கான பொது ஆதரவு, வெளியான 13 ஆண்டுகளுக்குள், 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பதிவின் ஆயுளையும் முறைமையின் ஆயுளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெயர்ப்பு என்பது என்றோ வரும் விபத்தன்று, ஒவ்வொரு தலைமுறை அலுவலரும் பலமுறை சந்திக்கப்போகும் கடமை என்பது விளங்கும்.

இந்திய மொழிகளில் இச்சிக்கல் இருமடங்காயிற்று. பல ஆண்டுகள் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறிமுறை வைத்திருந்தது. ஓர் அலுவலகத்தில் தட்டெழுதிய கடிதம் மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இஸ்கி தரத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறிமுறைகளையும், 2010இல் யூனிகோடையும் டேஸ்-16 குறிமுறையையும் ஏற்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கோப்புகளைப் பெயர்க்க வேண்டியிருந்தது.

2015இல் மத்திய அரசு இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. அரசுப் பணிகளில் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவது பற்றியது ஒன்று. அரசு நிரல்களின் மூலத்தைத் திறந்து வைத்துக் கூட்டாக வளர்ப்பது பற்றியது மற்றொன்று. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயக்க முறைமையும் இத்திசையில் ஒரு முயற்சியே. கொள்கை மட்டும் போதாது. அது கொள்முதல் ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

செய்ய வேண்டியவை

நிரல் வாங்கும் அலுவலர்கள் நான்கு பொருள்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒன்று, மூலநிரல் முழுமையும். இரண்டு, வெற்றுப் பொறியில் தொடங்கி அதைக் கம்பைல் செய்து ஓட்டும் முறை. மூன்று, அது சார்ந்திருக்கும் பிற நிரல்கள், நூலகங்கள் ஆகியவற்றின் பட்டியல். நான்கு, சோதனைத் தரவும் அதற்குரிய சரியான விடைகளும். நான்காவது இல்லாவிடில் முதல் மூன்றும் பாதிப் பயனே தரும்; பெயர்த்தது சரியா என்று சொல்ல வழியிராது. வழங்கும் நாளிலேயே, வழங்கியவர் கை வைக்காமல், வேறொரு பொறியில் நமது ஊழியரே அதை நிறுவிப் பார்ப்பது நன்று. இதற்கு ஆகும் சில நாள் உழைப்பு, பத்தாண்டு கழித்து வரக்கூடிய பெருஞ்செலவைத் தடுக்கும்.

எல்லா நிரல்களையும் எல்லாப் பொறிக்கும் பொருந்துமாறு எழுதினால் வேகம் குறையும் என்று சிலர் கூறுவர். அது ஓரளவு உண்மை. பொறியின் தனித்திறனைப் பயன்படுத்தாமல் வானிலைக் கணக்கை உரிய நேரத்தில் முடிக்க இயலாது. அதற்கான வழி, பொறியோடு பிணைந்த பகுதிகளைப் பிரித்து ஒரே இடத்தில் வைப்பதாகும். அப்போது பொறி மாறும்போது மாற்ற வேண்டியது அந்தச் சிறு பகுதி மட்டுமே.

மாணவ நண்பர்களே, உங்கள் நிரல் இன்று எந்தப் பொறியில் ஓடுகிறதோ அதிலேயே என்றும் ஓடும் என்று எண்ணாதீர்கள். எண்ணின் அகலத்தை ஊகிக்காதீர்கள், அறிவியுங்கள். யூனிக்ஸ் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்த நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று தடுமாறும். எழுதியவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். தம் நிரல் இத்தனை காலம் வாழும் என்று அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவே. கம்பைலர் தரும் எச்சரிக்கைகளைப் புறக்கணிக்காதீர்கள். இயலுமாயின், எழுதும் நாளிலேயே இரண்டு இயக்க முறைமைகளில் ஓட்டிப் பாருங்கள். முதல் முறைமை மறைத்த பிழையை இரண்டாவது காட்டிக் கொடுக்கும்.

தன்னிறைவு என்ற சொல்லை நாம் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். எல்லாப் பொறிகளையும் நாமே செய்வது மட்டும் தன்னிறைவாகாது. எந்தப் பொறி கிடைத்தாலும், எது மறுக்கப்பட்டாலும், நம் நிரல் நம்மிடம் இருக்க வேண்டும். அதைப் படித்தறிந்தவர்கள் நம்மிடையே இருக்க வேண்டும். அடுத்த பொறிக்கு அதைக் கொண்டுசெல்லும் வழி எழுத்தில் இருக்க வேண்டும். இம்மூன்றையும் பேணுவது அரசு அலுவலர்களும் மாணவர்களும் இணைந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.